எம்.டி.பி. டிடெக்டட்

எம்.டி.பி. என்ற மூணு எழுத்துக்கு ரெண்டு அர்த்தம் இருக்கு மக்களே. சைக்கிள் பைத்தியம் பிடிச்சவங்களைக் கேட்டா 'மவுண்டன் பைக்' என்பார்கள். ஆஸ்பத்திரி லேப்ல கேட்டா 'மைக்கோபாக்டீரியம் டியூபர்குளோசிஸ்' என்பார்கள், அதாவது காசநோய்க் கிருமி. போன வருஷம் நவம்பர் மாதம் எனக்கு இரண்டுமே ஒரே வாரத்தில் கிடைத்தன. ஒன்று என் சளியில் இருந்தது. இன்னொன்று கே.ஜி.கண்டிகையில் எங்க வீட்டு மாட்டுக்கொட்டகையில், தவிட்டு மூட்டைக்குப் பின்னாடி இருந்தது.

ரிப்போர்ட்டில் இரண்டே வரி. "எம்.டி.பி. டிடெக்டட். ரிஃபாம்பிசின் ரெசிஸ்டன்ஸ் நாட் டிடெக்டட்." முதல் வரியைக் கேட்டதும் அம்மா அழுதாங்க. இரண்டாவது வரியைப் படிச்சுட்டு டாக்டர் சிரிச்சார். அவர் ஏன் சிரிச்சார்னு எனக்குப் புரிய ரெண்டு நாள் ஆச்சு. கிருமி வழக்கமான மருந்துக்கு அடங்கும், ஆறு மாசத்துல முடிச்சிடலாம் என்று அதற்கு அர்த்தம்.

இதை இப்போ ஏன் எழுதுறேன்னு கேட்டீங்கன்னா, இந்த இதழைப் படிக்கிற உங்கள்ல யாருக்காவது இதே ரிப்போர்ட் வரலாம். உலகத்துல காசநோய் வர்றவங்கள்ல ஏறத்தாழ நாலுல ஒருத்தர் இந்தியாவுல இருக்கார். அப்படி இருந்தும், எனக்கு வர்ற வரைக்கும், எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கும் டி.பி. வந்ததில்லை. அதாவது, வந்தவங்க யாரும் சொன்னதில்லை. பன்னிரண்டாவது வரை இங்கிலீஷ் மீடியம், தமிழ்ல லீவ் லெட்டருக்கு மேல எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தா எடிட்டோரியல் டீம் மேல கோபப்படாதீங்க.

பெயர் வைத்த நாள்

அஞ்சாவது செமஸ்டர் நடுவுல இருமல் ஆரம்பிச்சது. ஹாஸ்டல்ல யாருக்குத்தான் இருமல் இல்ல? ஒரு கிளினிக்ல ரெண்டு தடவை ஆன்டிபயாட்டிக் கொடுத்தாங்க. கொஞ்சம் குறையும், திரும்ப வரும். சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல லேசா காய்ச்சல், ராத்திரி தலையணை நனையுற அளவு வியர்வை. பேன்ட் இடுப்புல நிக்கல. ஊருக்கு வந்தப்போ ஆயா என்னைத் தடவிப் பார்த்துட்டு, "எலும்பு குத்துதுடா" என்றார். அடுத்த நாளே அப்பா அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனார்.

எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை. சளியை ஒரு மெஷினில் வைத்து ரெண்டு மணி நேரத்துல கிருமியோட மரபணுவைத் தேடிக் கண்டுபிடிக்கிறாங்க. அப்புறம் உயரம், எடை, விரல்ல ஆக்ஸிமீட்டர், கால் வீங்கியிருக்கான்னு அழுத்திப் பார்த்தாங்க, "பிடிக்காம எழுந்து நில்லு தம்பி" என்றார்கள். 2022-ல் தொடங்கின 'காசநோய் இறப்பில்லா திட்டம்' தமிழ்நாட்டுல இருக்கு. நோய் கண்டுபிடிச்ச உடனே இதையெல்லாம் பார்த்து, நிலைமை மோசமா இருக்கிறவங்களை வார்டுல சேர்த்துடுவாங்க. நான் 172 சென்டிமீட்டர், 48 கிலோ. பிடிக்காம எழுந்து நின்னுட்டேன். ஆக்ஸிஜனும் சரியா இருந்தது. அதனால வீட்டுலயே வைத்தியம்.

வீட்டுக்கு வந்த அன்னைக்கு ராத்திரி என் நோய்க்கு ஒரு பெயர் வெச்சாங்க: டைபாய்டு. அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கிட்டு இருந்த நேரம். ஒரு வரன் கிட்டத்தட்ட முடிவாகி, தை மாசம் நிச்சயம் வைக்கலாம்னு பேச்சு. "அந்தக் குடும்பத்துல டி.பி. இருக்காம்" என்ற ஒரு வரி போதும், எல்லாம் போயிடும். பழைய சினிமா பார்த்து வளர்ந்த ஜனங்க நம்ம ஜனங்க. கைக்குட்டையில ரத்தம் பட்டா, அந்தப் பாத்திரம் இன்டர்வெல்லுக்கு அப்புறம் இருக்காது. அப்பாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல.

டைபாய்டுனா மூணு வாரத்துல எழுந்திடணும். எனக்கோ ஆறு மாச மாத்திரை. நான் பகல் முழுக்க வீட்டுல இருக்கேனே, ஏன்னு தெரு கேட்கும். அதுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. அப்போதான் அப்பா கொட்டகையில இருந்து அந்த சைக்கிளை வெளியே இழுத்துத் திண்ணையில சாத்தினார். "இதைப் பிரிச்சுக்கிட்டு உட்காரு. காலேஜ் ப்ராஜெக்ட்னு சொல்லிக்கலாம்."

ஒன்பதாவது படிக்கும்போது அடம் பிடிச்சு வாங்கினது. 21 கியர், முன்னாடி சஸ்பென்ஷன், 26 இன்ச் சக்கரம். நான் ஹாஸ்டல் போனதுக்கு அப்புறம் கோழி முட்டையிட்டதுதான் அதில் நடந்த ஒரே வேலை. செயின் ஒரே துருக்கட்டி. டயர் விரலால தொட்டா உதிர்ந்தது. பின் சக்கரம் ஃபோர்க்குக்கு நடுவுல பாம்பு மாதிரி நெளிஞ்சு சுத்தினது.

மூணு மாத்திரை, பத்தொன்பது குண்டு

தினமும் காலையில மூணு மாத்திரை. ஒவ்வொரு மாத்திரைக்குள்ளும் நாலு மருந்து. முதல் 56 நாள் இந்த நாலு மருந்து, அதுக்கப்புறம் 112 நாள் மூணு மருந்து. மாத்திரை எண்ணிக்கை உங்க எடையைப் பொறுத்தது. முதல் நாள் சிறுநீர் ஆரஞ்சு கலர்ல போனப்போ அலறிட்டேன். ரிஃபாம்பிசினோட கலர் அது, பயப்பட ஒண்ணும் இல்லைன்னு நர்ஸ் அக்கா போன்ல சிரிச்சாங்க. குமட்டல் இருந்தது, முட்டி வலி இருந்தது. கண்ணுல கலர் மாறித் தெரிஞ்சாலோ, கண் மஞ்சளானாலோ உடனே வரணும், தானா மாத்திரையை நிறுத்தக் கூடாதுன்னு மட்டும் ஸ்ட்ரிக்டா சொன்னாங்க.

உடம்பு எந்த அளவுக்குப் போயிருந்ததுன்னா, சைக்கிளைத் தலைகீழா நிறுத்த அக்காவைக் கூப்பிட வேண்டியிருந்தது. அப்புறம் பத்து நிமிஷம் படுத்துக்கிட்டேன். அதனால ஒரு நாளைக்கு ஒரு வேலை என்று வெச்சுக்கிட்டேன். திங்கள்: முன் பிரேக் கட்டையைக் கழட்டுறது. செவ்வாய்: அதோட கம்பியை உருவுறது. புதன்: படுக்கை. துருவைச் சுரண்டுறது, தூசி கிளப்புறது மாதிரி வேலையெல்லாம் அப்பா பங்கு. என் நுரையீரலுக்கு ஏற்கனவே போதுமான வேலை இருந்தது.

மூணாவது வாரம் சக்கரத்தோட அச்சைப் பிரிச்சேன். முன் சக்கரத்துல பக்கத்துக்கு பத்து பால்ரஸ் குண்டு, 3/16 இன்ச். பின் சக்கரத்துல பக்கத்துக்கு ஒன்பது, கால் இன்ச். மூணு வருஷம் மெக்கானிக்கல் படிச்சிருக்கேன், டிசைன் டேட்டா புக்ல டேபிள் பார்த்து பேரிங் தேர்ந்தெடுத்து முழு மார்க் வாங்கியிருக்கேன். ஆனா காய்ஞ்சு கறுத்த கிரீஸ்ல இருந்து ஒரு குண்டை விரலால தோண்டி எடுத்தது அன்னைக்குத்தான் முதல் தடவை. துணியில துடைச்சு ஒரு தட்டுல வரிசையா வெச்சு எண்ணினேன். காலையில மாத்திரை எண்ணிக்கை, மத்தியானம் குண்டு எண்ணிக்கை.

புது கிரீஸ் வைத்து மூடும்போது கோனை இறுக்கினா சக்கரம் கரகரன்னு சுத்தும், தளர்த்தினா ஆடும். நடுவுல ஒரு இடம் இருக்கு, கால் திருகு கூட இல்லாத இடம். அதைப் பிடிக்க எனக்கு ரெண்டு நாள் ஆச்சு. பிடிச்சதும் சக்கரத்தைச் சுத்தி விட்டேன். சத்தமே இல்லாம, நான் எண்ணிக்கிட்டே இருக்க, சுத்திக்கிட்டே இருந்தது. அந்த மாசத்துல என் கையால ஒழுங்கா நடந்த முதல் காரியம் அது.

மவுண்டன் பைக் பிறந்ததே இப்படித்தான்னு அப்புறம் படிச்சேன். 1970-களில் அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்துல, மரின் கவுன்டி என்ற இடத்துல, டமல்பாய்ஸ் மலைப் பக்கத்துப் பசங்க, அவங்க தாத்தா காலத்து கனமான பழைய சைக்கிளைக் குப்பையில இருந்து எடுத்து வந்து மாத்தியமைச்சு மண் ரோட்டுல இறக்கினாங்க. அந்த சைக்கிளுக்கு பிரேக் பின் சக்கரத்து அச்சுக்குள்ளயே இருக்கும். இறக்கத்துல அது சூடாகி உள்ளே இருக்கிற கிரீஸ் புகையா போயிடும். கீழே வந்ததும் அச்சைப் பிரிச்சு மறுபடி கிரீஸ் அடைக்கணும். அதனால 1976-ல் அவங்க அங்கே தொடங்கின ரேஸுக்குப் பெயரே 'ரீபேக்'. ஜோ பிரீஸ் என்ற அந்த கூட்டத்துக்காரர் 1977-ல் இதுக்குன்னே புதுசா ஃப்ரேம் கட்டினார். உலகம் முழுக்க இன்னைக்கு ஓடுற எம்.டி.பி. எல்லாம் அந்த கிரீஸ் கையில இருந்து வந்தது.

கோட்டம் எடுக்கிற மாமா

நெளிஞ்ச சக்கரத்தை என்னால நிமிர்த்த முடியல. சோளிங்கர் ரோட்டுல ஒரு சைக்கிள் கடை. எந்த ஊர்ப் பக்கம்னு சொல்லமாட்டேன், காரணம் கொஞ்சத்துல தெரியும். கடைக்காரருக்கு எழுபது வயசு இருக்கும். எல்லாருக்கும் அவர் மாமா. எங்க பக்கம் ஆந்திரா எல்லை கூப்பிடு தூரம், தமிழும் தெலுங்கும் ஒரே வாயில வரும். அவர் பேச்சும் அப்படித்தான். சின்னப் பசங்க எல்லாரும் அவருக்கு 'நைனா'.

கியர் சைக்கிள்னா அவருக்குப் பிடிக்காது. "பல்லு ஜாஸ்தி, பலம் கம்மி" என்பார். ஆனா கோட்டம் எடுக்கிறதுல அவரை அடிச்சுக்க ஆள் இல்ல. மாஸ்க் போட்டுக்கிட்டு, அப்பாவோட வண்டியில சக்கரத்தை எடுத்துட்டுப் போனேன். மருந்து ஆரம்பிச்சு அப்போ ஒரு மாசம் ஆகியிருந்தது.

சக்கரத்தைச் சுத்தி விட்டு, ரிம்முக்குப் பக்கத்துல ஒரு சாக்பீஸை அசையாம பிடிச்சார். எங்கே வெளியே தள்ளுதோ அங்கே மட்டும் வெள்ளைக் கோடு விழும். அந்த இடத்துல எதிர்ப்பக்கத்துக் கம்பியைக் கால் திருகு இறுக்கு, இந்தப் பக்கத்துக் கம்பியைக் கால் திருகு தளர்த்து. மறுபடி சுத்து. மறுபடி சாக்பீஸ். 36 கம்பியும் ஒண்ணை ஒண்ணு இழுத்துக்கிட்டு இருக்கிறதால, ஒரே இடத்துல அவசரமா முறுக்கினா இன்னொரு இடத்துல புதுசா நெளியும். "கால் திருகுக்கு மேல கை போகக்கூடாது நைனா. சக்கரம் ஒரு நாள்ல நெளியல, ஒரே திருகுல நிமிராது." முக்கால் மணி நேரத்துல சாக்பீஸ் கோடு ரிம் முழுக்க ஒரே சீரா விழுந்தது.

டயர் விஷயத்துலயும் அவர்தான் காப்பாத்தினார். '26 இன்ச்' என்று எழுதியிருக்கிற எல்லா டயரும் ஒண்ணு இல்ல. எம்.டி.பி.-யோட 26 × 1.95 டயர் உட்கார்ற ரிம் விட்டம் 559 மில்லிமீட்டர். சாதா சைக்கிளுக்கு வர்ற 26 × 1 3/8 டயருக்கு 590 மில்லிமீட்டர். எழுத்தைப் பார்த்து வாங்காதே, பழைய டயரை எடுத்துட்டுப் போய் அதே நம்பரைக் கேள் என்றார். இடது பெடல் மட்டும் ஏன் தலைகீழ் மரை என்றும் கேட்டேன். "மிதிக்க மிதிக்கக் கழண்டுடக் கூடாதுன்னு" என்று அவர் ஒரே வரியில சொன்னதை, நம்ம கைனமேட்டிக்ஸ் சார் 'பிரிசெஷன்' என்று ஒரு போர்டு முழுக்க எழுதுவார். ரெண்டும் ஒண்ணுதான்.

கிளம்பும்போது அப்பா வண்டியை ஸ்டார்ட் பண்ணப் போனார். மாமா என் கையைப் பிடிச்சு மெதுவா கேட்டார்: "எத்தனாவது மாசம்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டைபாய்டுன்னு ஆரம்பிச்சேன். அவர் கேட்கல. "எனக்கும் வந்தது நைனா. கல்யாணத்துக்கு முன்னாடி. அப்போ மாத்திரையோட ஊசியும் போடுவாங்க, சதை மரத்துப் போகும். முழுசா முடிச்சேன். நாப்பது வருஷம் ஆச்சு, இந்தக் கையாலதான் காத்தடிக்கிறேன்." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "வீட்டுல யாருக்கும் தெரியாது" என்றார்.

நாப்பது வருஷம். பெண்டாட்டிக்குத் தெரியாது, பிள்ளைகளுக்குத் தெரியாது. குணமான ஒரு நோயை, ஒரு குற்றம் மாதிரி அவர் தூக்கிக்கிட்டு இருந்திருக்கார். இதை எழுதலாமான்னு போன மாசம் போய்க் கேட்டேன். "பேர் போடாதே. மத்தபடி எழுது, பசங்க படிக்கட்டும்" என்றார்.

சானடோரியம் ஸ்டேஷன்

தாம்பரம் ட்ரெயின்ல போற எல்லாரும் சானடோரியம் ஸ்டேஷனைப் பார்த்திருப்பீங்க. அந்தப் பெயர் எங்கிருந்து வந்ததுன்னு யோசிச்சிருக்கீங்களா? 1928-ல் டாக்டர் சௌரி முத்து அங்கே காசநோயாளிகளுக்காக ஒரு சானடோரியம் தொடங்கினார். அப்போ டி.பி.-க்கு மருந்து கிடையாது. நல்ல காத்து, நல்ல சாப்பாடு, ஓய்வு, குடும்பத்தை விட்டு ஊருக்கு வெளியே மாசக்கணக்கா இருக்கணும். அதுதான் வைத்தியம்.

மருந்து கண்டுபிடிச்ச பிறகும் அந்தப் பழக்கம் போகல. நோயாளியை வீட்டுலயே வெச்சு மருந்து கொடுத்தா குணமாகுமா, குடும்பத்துக்குப் பரவாதா என்ற சந்தேகம் உலகம் முழுக்க இருந்தது. அதற்கு பதில் கிடைச்சது நம்ம சென்னையில. 1956-ல் இங்கே காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கினாங்க. இன்னைக்கு சேத்துப்பட்டுல இருக்கிற தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில ரெண்டாப் பிரிச்சு, ஒரு பகுதியை சானடோரியத்துல சேர்த்தாங்க, இன்னொரு பகுதியை அவங்கவங்க வீட்டுலயே வெச்சு அதே மருந்தை ஒரு வருஷம் கொடுத்தாங்க. சானடோரியத்துல இருந்தவங்களுக்கு நல்ல சாப்பாடு, நல்ல ஓய்வு. வீட்டுல இருந்தவங்க நெருக்கடியான சின்ன வீடுகள்ல, குறைஞ்ச சாப்பாட்டோட இருந்தாங்க. 1959-ல் முடிவு வெளியானது. குணமானவங்க விகிதத்துல ரெண்டு பக்கமும் பெரிய வித்தியாசம் இல்ல. வீட்டுல இருந்தவங்களோட குடும்பத்துக்கும் அதனால கூடுதலா நோய் பரவல. காசநோயாளியை வீட்டை விட்டு அனுப்பத் தேவையில்லைன்னு உலகத்துக்குச் சொன்ன ஆய்வு அது.

நான் திண்ணையில சைக்கிள் பிரிச்சுக்கிட்டு, மத்தியானம் அம்மா கையால சாப்பிட்டுக்கிட்டு குணமானேன்னா, அதுக்குப் பின்னாடி 193 பேர் இருக்காங்க.

ஆனா வீட்டுக்குள்ள இன்னொரு சானடோரியம் இருக்கு. ஆயா எனக்குன்னு தனி டம்ளர், தனித் தட்டு எடுத்து வெச்சாங்க. பாசத்துலதான். டி.பி. தட்டுலயோ டம்ளர்லயோ பரவாது, இருமும்போது வர்ற காத்துலதான் பரவும், சரியான மருந்து ஆரம்பிச்சு சில வாரத்துல பரவுற ஆபத்து ரொம்பக் குறைஞ்சுடும் என்று நர்ஸ் அக்கா வீட்டுக்கே வந்து ஆயாவுக்குத் தெலுங்குல விளக்கினாங்க. ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னாங்க. வீட்டுல எல்லாருக்கும் பரிசோதனை, யாருக்கும் நோய் இல்ல. அடுத்த நாள் காலையில ஆயா அவங்க டம்ளர்லயே எனக்குக் காபி ஊத்திக் கொடுத்தாங்க. ஒண்ணும் பேசல.

ரூம்மேட்ஸ் மூணு பேருக்கும் நானே போன் பண்ணினேன். ஒரே ரூம்ல தூங்கினவங்க, அவங்களும் டெஸ்ட் பண்ணிக்கணும். அது கஷ்டமான போன் கால். ஒருத்தன் ரொம்ப நேரம் பேசல. மூணு பேரும் டெஸ்ட் பண்ணாங்க, மூணு பேருக்கும் இல்ல. பேசாம இருந்தவன்கிட்ட இருந்து அடுத்த வாரம் ஒரு பார்சல் வந்தது. உள்ளே ஃப்ரீவீல் ரிமூவர். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: 'சீக்கிரம் கழட்டிட்டு வாடா.'

பாட்டி கியர்

பொங்கல் சமயத்துல முதல் 56 நாள் முடிஞ்சது. சளியில கிருமி இல்ல. செமஸ்டர் லீவும் முடிஞ்சிருந்தது. டாக்டர் சர்டிஃபிகேட்டோட பிப்ரவரியில காலேஜ் வந்துட்டேன். சனி, ஞாயிறு ஊர், சைக்கிள்.

உடம்பு தேறுதான்னு நாளைக்கு நாள் பார்த்தா தெரியாது. எனக்கு ஒரு அளவுகோல் கிடைச்சது: கைப்பம்பு. டிசம்பர்ல ஒரு டயருக்குக் காத்தடிக்க நாலு தடவை உட்கார்ந்தேன். ஜனவரியில ரெண்டு. மார்ச்ல நிக்காம அடிச்சேன். மூணாவது மாசக் கடைசியில எடை 53 கிலோ. உடனே மாத்திரை மூணுல இருந்து நாலாச்சு. நோய் முத்திப் போச்சுன்னு ஆயா அழ ஆரம்பிச்சாங்க. "உங்க பேரனுக்கு ப்ரமோஷன் பாட்டி, எடை ஏறினா மாத்திரையும் ஏறும்" என்று நர்ஸ் அக்கா சொன்னாங்க. கணக்குப் போட்டேன்: 168 நாள்ல மொத்தம் 588 மாத்திரை. எல்லாம் இலவசம். சாப்பாட்டுக்குன்னு அரசாங்கம் மாசம் 1,000 ரூபாய் பேங்க்ல போடுது. 2024 நவம்பருக்கு முன்னாடி அது 500 ரூபாயா இருந்தது. என் ஆயிரமும் முட்டைக்கும் வேர்க்கடலைக்கும் போச்சு. சைக்கிளுக்கு டயர், டியூப், செயின், ஃப்ரீவீல், கம்பி, பிரேக் கட்டை, கிரீஸ், குண்டு எல்லாம் சேர்த்து 2,440 ரூபாய். அது அப்பா கணக்கு.

கடைசி வேலை கியர். பின் டிரெய்லர்ல ரெண்டு சின்ன ஸ்க்ரூ இருக்கு. ஒண்ணு செயின் சின்னப் பல்லைத் தாண்டி வெளியே விழாம தடுக்கும். இன்னொண்ணு பெரிய பல்லைத் தாண்டி ஸ்போக்ஸ்ல சிக்காம தடுக்கும். இந்த ரெண்டு எல்லையையும் முதல்ல வெச்சுட்டுத்தான் நடுவுல இருக்கிற கியரை கேபிள் இழுப்பால சரி பண்ணணும்.

என் சைக்கிள்ல முன்னாடி பெரிய பல் 42, சின்னது 24. பின்னாடி சின்னது 14, பெரியது 28. 42-க்கு 14 போட்டா ஒரு மிதிக்கு சக்கரம் மூணு சுத்து, ஏறத்தாழ 6 மீட்டர் போகும். 24-க்கு 28 போட்டா முக்கால் சுத்துக்குக் கொஞ்சம் மேல, ஒண்ணே முக்கால் மீட்டர்தான். அந்த முன் சின்னப் பல்லுக்கு இங்கிலீஷ்ல 'கிரானி கியர்' என்று பெயர், அதாவது பாட்டி கியர். கிண்டலா வெச்ச பெயர். ஒன்பதாவது படிக்கும்போது நான் அதைத் தொட்டதே இல்ல, பசங்க சிரிப்பாங்க. இந்த வருஷம் அதுலதான் ஓட்டினேன். கால் வேகமா சுத்தும், வண்டி நடக்கிற வேகத்துல போகும், ஆனா மூச்சு அடைக்காது. ஆயாகிட்ட பெயரைச் சொன்னேன். "பாட்டி இழுத்தாத்தான் மலை ஏறும்" என்றார்.

மே முதல் வாரம் கடைசி மாத்திரை. அடுத்த ஞாயித்துக்கிழமை காலையில திருத்தணிக்கு சைக்கிள்ல போனேன். கோயிலுக்கு 365 படி இருக்கு, வருஷத்து நாளுக்கு ஒண்ணு. டிசம்பர் 31 ராத்திரி படித்திருவிழாவுக்கு மொத்த ஊரும் ஏறினப்போ, நான் வீட்டுல போர்வைக்குள்ள இருந்தேன். இப்போ வண்டி போற ரோட்டுல, பாட்டி கியர்ல ஏறினேன். மூணு தடவை இறங்கி நின்னேன். காவடி எடுத்துட்டு வந்த ஒரு குடும்பம் வேன்ல இருந்து கை காட்டினது. மேலே போய்ச் சேர்ந்ததும் நெஞ்சு படபடன்னு அடிச்சது, ஆனா இருமல் வரல. என் எக்ஸ்ரேயில வலது மேல் பக்கம் ஒரு தழும்பு இன்னும் இருக்கு, அது இருக்கும்னு டாக்டர் சொல்லிட்டார். ஓடுற ரேஸ்ல நான் முன்னாடி வரப்போறது இல்ல. ஏறிடுவேன், அவ்வளவுதான்.

அக்கா கல்யாணம் என்னாச்சுன்னு கேட்பீங்க. நிச்சயத்துக்கு ஒரு வாரம் முன்னாடி, அப்பாவுக்குச் சொல்லாம, அக்காவே மாப்பிள்ளைக்கு போன் பண்ணிச் சொல்லிட்டா: "என் தம்பிக்கு டி.பி., மருந்து சாப்பிடுறான். உங்களுக்குப் பிரச்சனைன்னா இப்பவே சொல்லிடுங்க." அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்லையாம். அப்புறம் அவர் கேட்டது ஒரே கேள்வி: "மாத்திரையை நடுவுல விடாம சாப்பிடுறானா?" போன மாசம் கல்யாணம் முடிஞ்சது. இந்தக் கட்டுரையை முதல்ல படிச்சதும் மாமாதான். கடை மாமா இல்ல, அக்கா வீட்டு மாமா.

இப்போ உங்க முறை. இருமல் ரெண்டு வாரத்தைத் தாண்டினா, சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, காரணமில்லாம எடை குறையுறது, இதுல ஏதாவது இருந்தா அரசு ஆஸ்பத்திரியில சளி டெஸ்ட் பண்ணுங்க, இலவசம். டிடெக்டட்னு வந்தா ரெண்டாவது வரியையும் படிங்க. மருந்தை முழுசா முடியுங்க, நடுவுல தெம்பு வந்துடும், அப்போதான் விட்டுடத் தோணும். பேச ஆள் வேணும்னா எடிட்டோரியல் டீம்கிட்ட என் நம்பர் இருக்கு, ராத்திரி பன்னிரண்டு மணியானாலும் பரவாயில்ல.

அப்புறம், ஹாஸ்டல் பின்பக்க ஷெட்ல துருப்பிடிச்சுக் கிடக்கிற சைக்கிள் எல்லாம் யாரோடது? சனிக்கிழமை சாயங்காலம் எடுத்துட்டு வாங்க. ஸ்போக் கீயும் சாக்பீஸும் என்கிட்ட இருக்கு.